இடமிருந்து வலம்

நாமகிரிப்பேட்டை
2.10.2024

அன்புத் தங்கை அபிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டதா? திருச்செங்கோட்டுத் தண்ணீரில் சளி பிடிக்கவில்லையே? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத வந்து, பேனாவை வைத்துவிட்டுத் தூளியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பார்த்தால் சௌக்கியமாகத்தான் இருக்கிறான்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் வார்டன் கொடுக்கும் ஒரு மணி நேரத்தில்தான் நீ போனில் கிடைப்பாய். அப்போது அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் விழக் கூடாத விஷயம் இது.

பதினாலாவது வாரத் தடுப்பூசிக்கு அன்பழகனைத் தூக்கிப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஊசி போடும் முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்கள். எடுக்கவே இல்லை. சத்தம் பெரிதாகக் கேட்கிறது, சேலத்துக்குப் போய் எக்கோ எடுங்கள் என்றார்கள். இன்னொரு ஊசி சேலத்தில்தான் போடுவார்களாம் என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு, போன வெள்ளிக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறிப் போய் வந்தேன். இதயத்தில் ஓட்டை இருக்கிறதாம். மூன்று மில்லிமீட்டர். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

குழந்தையின் அப்பாவுக்கு, அதுதான் உன் மாமாவுக்கு, தெரியாது. சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிற மனுஷனிடம் இதைச் சொல்லி, அவர் கவனம் சிதறினால் என்ன செய்வது? பள்ளிபாளையத்தில் அம்மாவுக்கும் சொல்லாதே. உனக்கு மட்டும்தான்.

நீ பார்மசி படிக்கிறாய். இதயம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு எழுது. மருந்து, வைத்தியம் எல்லாம் வேண்டாம். எந்த அறையில் எது போகிறது, எது வருகிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தால் எனக்குப் புரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சுகன்யா


திருச்செங்கோடு
9.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு கலைமணி மேடத்திடம் போய் சந்தேகம் கேட்பது போல் கேட்டேன். எங்களுக்கு அனாட்டமி அவர்கள்தான். நான் தானாக வந்து சந்தேகம் கேட்டதில் அவர்களுக்கு ஆச்சரியம். எனக்குச் சளி இல்லை. சாம்பாரைப் பற்றி மட்டும் கேட்காதே.

அவர்கள் போர்டில் போட்ட படத்தை அப்படியே இத்துடன் வரைந்து வைத்திருக்கிறேன். நான்கு அறை. மேலே இரண்டும் ஆரிக்கிள், கீழே இரண்டும் வெண்ட்ரிக்கிள். நடுவில் ஒரு சுவர். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் நீல மை. அது மேல் அறைக்கு வந்து, கீழ் அறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு அடுத்த பக்க மேல் அறைக்குத் திரும்பும். அது சிவப்பு மை. அங்கிருந்து கீழே இறங்கி, பெருந்தமனி வழியாக உடம்புக்கு. அழுக்கு ரத்தம் என்று நான் சொன்னதற்கு மேடம், "ரத்தம் என்ன துவைக்காத துணியா? ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம்னு சொல்லு" என்றார்கள்.

அறைகளுக்கு நடுவே வால்வு இருக்கிறது. ஒரு பக்கம்தான் திறக்கும். அது மூடுகிற சத்தம்தான் லப், டப். இதெல்லாம் ஒரு நாளைக்கு லட்சம் முறை நடக்கிறது அக்கா. அன்புக் குட்டிக்கு அதற்கும் மேலே.

ஓட்டை நடுச் சுவரில் என்றுதான் நினைக்கிறேன். ரிப்போர்ட்டில் இருப்பதை எழுது. நீ சாப்பிடுகிறாயா?

அபி


நாமகிரிப்பேட்டை
20.10.2024

அபிக் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் குழந்தைதான் என்று எழுதினால் நம்புவாய். உண்மையில் உன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாகப் போட்டிருக்கிறாய். எல்லோரும் நலம். மஞ்சள் காட்டில் களையெடுப்பதால் அத்தை பகலில் வீட்டில் இருப்பதில்லை. இந்த நேரம்தான் எழுத முடிகிறது.

நீ சொன்னது சரி. ஓட்டை நடுச் சுவரில், கீழ் அறைகளுக்கு இடையில். அதன் கீழே, ரத்தம் இடமிருந்து வலமாகப் போகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. ரிப்போர்ட்டை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். கணக்குப் படித்தவளுக்கு ஒரு படத்தில் இடம் வலம் தெரியாதா? புரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆக்சிஜன் குறைந்த ரத்தம், நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்புக்குப் போனால் என்ன ஆகும்? மறைக்காமல் எழுது.

அக்கா


திருச்செங்கோடு
26.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அவசரமாக எழுதுகிறேன், தீபாவளி முடிந்ததும் முதல் செஷனல் பரீட்சை. அப்படிக் கலந்தால் உதடு, நகம், நாக்கு நீலமாகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அழும்போது இன்னும் அதிகமாகும். ஆனால் அது வேறு வகைக் குறைபாடுகளில் வருவது. நம் குட்டிக்கு அப்படி இல்லையே? போன மாதம் நான் தூக்கியபோது உதடு செக்கச்செவேல் என்று இருந்ததே.

தீபாவளிக்குப் பள்ளிபாளையம் வா. இரண்டு நாள்தான் லீவு. நேரில் பேசலாம். நீ சாப்பிடுகிறாயா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன்.

அபி


நாமகிரிப்பேட்டை
12.11.2024

அன்புள்ள அபிக்கு,

தீபாவளிக்கு வராததற்குக் கோபமா? வெடிச் சத்தத்துக்குக் குழந்தை வீறிட்டு அழுதால் என்ன செய்வது என்று வரவில்லை. அம்மா அனுப்பிய முறுக்கு வந்தது. பரீட்சை எழுதிவிட்டாயா? ஞாயிற்றுக்கிழமை போனில் நல்லா இருக்கேன்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு உடம்பு சரியில்லையா?

அன்பு குப்புற விழுந்துவிட்டான். விழுந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அவன் உதட்டைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் அதுதான் வேலை. விடிந்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய் உதடு பார்ப்பேன். பிறகு நகம். பால் குடித்து முடித்ததும் ஒருமுறை. அழ விடுவதே இல்லை. சிணுங்கினாலே தூக்கிவிடுகிறேன். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஏஞ்சாமி, பையனைத் தரையிலயே உடமாட்டீங்கறயே, அப்புறம் எப்படித் தவழுவான்?" என்கிறார்கள். குலதெய்வம் கோயிலில் மொட்டையடிக்க நாள் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மொட்டை போடும்போது அழாத குழந்தை உண்டா? இந்த மாதம் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பதில் எழுது. ஒரு வரியானாலும் சரி.

அக்கா


நாமகிரிப்பேட்டை
1.12.2024

அபி,

நலம் விசாரிக்கக்கூட நிற்காமல் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். நான் எழுதி மூன்று வாரமாகியும் உன் பதில் இல்லை. எதையோ தெரிந்துகொண்டு எனக்குச் சொல்ல மனமில்லாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை இங்கே நல்ல குளிர். கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று. அத்தை குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்தார்கள். வாங்கித் துவட்டும்போது பார்த்தேன். உதடு லேசாக நீலம். போர்வையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் மாறிவிட்டது. குளிர்தான் என்றார்கள் அத்தை. அவர்களுக்கு என்ன தெரியும்? நான் சொல்லவில்லையே.

நேற்று மொட்டை மாடிக்குப் போய் உன் மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஓட்டை இருக்கிறது, கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தில் கலந்து உடம்புக்குப் போகிறது, ஆபரேஷன் என்றால் தனியாக என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றேன். பின்னால் ரிக் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவே இல்லை.

அக்கா


திருச்செங்கோடு
2.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படி. குட்டியின் உடம்பில் கெட்ட ரத்தம் கலக்கவில்லை. கலக்கவே இல்லை. இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு மீதியைப் படி.

போன மாதம் நீ கேட்டாயே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அனாட்டமி செஷனலில் நான் பெயில். உனக்கு இதயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், இதயப் படத்துக்கே மார்க் வாங்கவில்லை. பரீட்சை அறையிலேயே தடுமாறிவிட்டேன். பேப்பர் வரட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது? போனிலும் அதனால்தான் ஓடிவிட்டேன்.

இன்றைக்குப் பேப்பர் கொடுத்தார்கள். என் படத்தில் நீல அறைக்கு இடது என்றும் சிவப்பு அறைக்கு வலது என்றும் பெயர் போட்டிருந்தேன். காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது? மேடம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்கள். எனக்கு எதிரே நின்று, "என்னோட வலது கையைத் தொடு" என்றார்கள். தொட்டேன். "உனக்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்றார்கள். இடப்பக்கம் இருந்தது. "படத்துல இருக்கறது உன் எதிர்ல நிக்கிறவங்களோட இதயம்மா. உன்னோடதில்ல" என்றார்கள்.

அங்கேயே எனக்கு, ரத்தம் இடமிருந்து வலமாகப் போகிறது என்று நீ எழுதிய அக்டோபர் மாதக் கடிதம் ஞாபகம் வந்தது அக்கா. உனக்கு அனுப்பிய படத்தில் நான் இடம் வலம் எழுதவே இல்லை. நீயும் என்னைப் போலவே காகிதத்தின் இடத்தை இதயத்தின் இடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டாய். நானும் யோசிக்காமல் நீலமாகும் என்று எழுதினேன்.

சிவப்பு அறைதான் இடது. இடமிருந்து வலம் என்றால், ஆக்சிஜன் ஏற்றிய நல்ல ரத்தம் கொஞ்சம் ஓட்டை வழியாக நீலப் பக்கத்துக்குப் போய், மறுபடி நுரையீரலுக்கே ஒரு சுற்றுப் போகிறது. வீண் அலைச்சல், அவ்வளவுதான். உடம்புக்குப் போவது எல்லாம் நல்ல ரத்தம். மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று மில்லிமீட்டர் சின்னது, இந்த மாதிரி நிறைய தானாகவே மூடும், பால் குடித்து எடை ஏறினால் நல்ல அடையாளம், ஆனால் டாக்டர் சொன்ன தேதியைத் தவற விடாதே என்று எழுதச் சொன்னார்கள்.

என்னைத் திட்டு. திட்டிவிட்டுச் சாப்பிடு.

அபி


நாமகிரிப்பேட்டை
8.12.2024

என் தங்கமான அபிக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் நால்வரும் நலம். ஆமாம், நால்வர். உன் மாமா இங்கே இருக்கிறார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். ஜெகதல்பூர் பக்கத்துக் காட்டில் பாதி போட்ட போர்வெல்லை அப்படியே கூட வேலை செய்பவர்களிடம் விட்டுவிட்டு, கிடைத்த லாரியில் ஏறி ராய்ப்பூர் வந்து, அங்கிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். போன் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டதாம். உடம்பெல்லாம் செம்மண். குழந்தையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உதட்டைப் பார்த்தார். நான் தினம் பார்ப்பேனே, அதே மாதிரி. அன்பு அவர் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

அத்தை குறுக்கே வந்து நின்றுகொண்டார்கள். இனி மறைக்க முடியாது. அவரே சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழி வரும் என்று நினைத்தேன். அத்தை குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். பிறகு, "சேலத்துக்கு ஒண்டியாவா போயிட்டு வந்தே? என்ற கிட்டச் சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனல்லோ சாமி" என்றார்கள். அப்போதுதான் அழுதேன் அபி. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து.

மத்தியானம் உன் கடிதம் வந்தது. முதல் வரியை நீ சொன்னபடியே இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை அவரிடம் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படித்தார். ரிப்போர்ட், உன் படம், உன் கடிதம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இதுல எந்தப் பக்கம் பிரஷர் ஜாஸ்தி?"

எனக்குத் தெரியவில்லை. உன் முதல் கடிதத்தில் தேடினேன், இல்லை. அவரே சொன்னார். "ஒரு பக்கம் ஒட்டுனாப்ல இருக்கற நுரையீரலுக்குத் தள்ளுது. இன்னொரு பக்கம் கால் கட்டை விரல் வரைக்கும் தள்ளோணும். அதுலதான் பிரஷர் ஜாஸ்தி. ஒழுகுனா ஜாஸ்தியா இருக்கற பக்கத்துல இருந்துதான் கம்மிப் பக்கத்துக்கு ஒழுகும். கம்ப்ரசர்ல நாங்க தெனமும் பாக்கறதுதான். இதுக்கு எடம் வலம் எல்லாம் எதுக்கு?"

சத்தம் பெரிதாகக் கேட்டது என்று டாக்டரம்மா சொன்னதை, இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்ததை, அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "ஓஸ் பைப்புல ஊசி முனை ஓட்டைன்னாத்தான் விசில் அடிக்கும். பெரிய ஓட்டைன்னா சத்தமே வராது" என்றார். சரியா என்று உன் மேடத்திடம் கேட்டுச் சொல்.

பிறகு உன் மாமா இன்னொன்றையும் சொன்னார். "பி.எஸ்சி. படிச்ச புள்ளையும் பார்மசி படிக்கற புள்ளையும் சேர்ந்து என்னை ராய்ப்பூர்ல இருந்து நிக்க வெச்சே கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க." அன்றைக்கு முழுவதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. வந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்றுதான் தோன்றுகிறது. சத்தீஸ்கருக்குத் திரும்பும் தேதியைப் பற்றிப் பேசவில்லை.

உன்னைத் திட்ட மாட்டேன். நீ எழுதாமல் விட்டதைத் தெரிந்தவள் போல் படித்தது நான். பெயில் ஆனதை அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன், நீயே சொல். மறைத்து வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

அக்கா


திருச்செங்கோடு
22.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, மாமாவுக்கு, குட்டிக்கு,

எல்லோரும் சுகமா? அம்மாவிடம் பொங்கலன்று சொன்னேன். கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு திட்டினார்கள், அடிக்கவில்லை.

மாமா சொன்னது சரி என்று மேடம் சொன்னார்கள். இடது வெண்ட்ரிக்கிள் சுவர் வலதைவிட மூன்று மடங்கு தடிப்பாம். உடம்பு முழுக்கத் தள்ள வேண்டுமே. சின்ன ஓட்டையில்தான் சத்தம் அதிகம் என்பதும் சரி. மாமா எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள். ரிக் வண்டி என்றேன். அடுத்த நாள் வகுப்பில் கம்ப்ரசரை வைத்தே நடத்தினார்கள். பின் வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேர் ரிக் வேலை பார்க்கும் வீட்டிலிருந்து வருபவர்கள்தான். எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது.

இரண்டாவது செஷனலில் அதே கேள்வி வந்தது. படம் போடும் முன் எதிரே ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். பாஸ்.

மார்ச்சில் எக்கோவுக்குப் போகும்போது தனியாகப் போகாதே. மாமா மறுபடி போய்விட்டாரா? அதை நீ எழுதவே இல்லை.

அபி


நாமகிரிப்பேட்டை
25.3.2025

அன்புள்ள அபிக்கு,

தாமதமாகத்தான் எழுதுகிறேன், எப்போதும் போல. ஞாயிற்றுக்கிழமை போனை அத்தை வாங்கிக்கொண்டு உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர்கள் எக்கோ அறைக்கு வெளியே இருந்தவர்கள். உள்ளே நடந்ததை நான் எழுத வேண்டும். உனக்கும் கலைமணி மேடத்துக்கும் எங்கள் வீட்டு வணக்கம்.

மாமா போகவில்லை. பொங்கலிலிருந்து இராசிபுரத்தில் கம்ப்ரசர் பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கிறார். நீ கேட்டதற்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் அவர் மனம் மாறிவிடுமோ என்ற பயம்தான். இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நால்வருமாகச் சேலம் போனோம். அத்தையை வெளியே உட்கார வைத்தார்கள். அன்பு மேசையில் படுக்காமல் புரண்டான். உன் மாமா காலைப் பிடித்தார், நான் கையைப் பிடித்தேன். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துத் தேய்த்தார். திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வந்தது. நீலத்தைப் பார்த்ததும் அது ஏன் நீலம் என்று கேட்டேன். அங்கிருந்த நர்ஸ், கருவியை நோக்கி வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப் போகிறது நீலம், வேறு அர்த்தம் இல்லை என்றாள். நல்லவேளை, இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன தடவை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இந்தத் தடவை முடியவே இல்லை. டாக்டர் கருவியை மேலே நகர்த்தினார், பக்கவாட்டில் சாய்த்தார், மறுபடி பழைய இடத்துக்கு வந்தார். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். திரையில் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாகியிருக்கிறது, அதைத்தான் அளக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் உன் மாமாவுக்கும் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், எதாச்சுங்களா?"

"மூணு மில்லிமீட்டர்னு இதுல போட்டிருக்கு. அதைத்தான் தேடிட்டு இருக்கேன். காணோம்" என்றார். திரும்பவும் ஒருமுறை தேடிவிட்டுக் கருவியைத் துடைத்து வைத்தார். "மூடிடுச்சு. இனி இதுக்காக நீங்க வர வேண்டாம்."

எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை அபி. திரும்பத் திரும்ப அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருப்பதை அளக்க ஐந்து நிமிஷம் போதும். இல்லாததைத் தேடத்தான் அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. வெளியே வந்து அத்தையிடம் சொன்னதும் அவர்கள் குழந்தையை வாங்கி, எல்லோர் முன்னாலும் அவன் நெஞ்சில் முத்தம் கொடுத்தார்கள். பிறகு தன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாக அம்மாப்பேட்டைக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் மூவரும் தம்மம்பட்டி பஸ்ஸில் ஏறினோம். நாமகிரிப்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தோம். ஜன்னல் பக்கம் நான், மடியில் அன்பு, பக்கத்தில் அவர். மல்லூர் தாண்டியது தெரியும். இராசிபுரத்தில் கூட்டம் ஏறியது லேசாகத் தெரியும். அதற்குப் பிறகு யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். கண்டக்டர்.

"ஏனுங்க, தம்மம்பட்டி வந்துருச்சுங்க. நீங்க எங்க எறங்கோணும்?"

பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியிருக்கிறோம். அவர் வெட்கத்தோடு நாமகிரிப்பேட்டை என்றார். கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "உங்க ஸ்டாப்புல மூணு தடவை விசில் அடிச்சனுங்க. குழந்தை கூட முழிக்கல" என்றார். திரும்பிப் போக அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் ஆகும் என்று சொன்னார். அவர் பதறிக்கொண்டு வேறு வண்டி இருக்கிறதா என்று கேட்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அவசரமில்லீங்க" என்றேன்.

உன் அக்கா சுகன்யா